ஸ்டீரியோ விண்டோ: சாளரமா, வாசலா?

வணக்கம்.

> ஸ்டீரியோ விண்டோவுக்குச் ‘சாளரம்’ போதுமே, புதிதாக எதற்கு?

போதாது ஐயா. இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி ஆழம் தெரியவைக்கும் ஸ்டீரியோ ஸ்லைடில், காட்சியைச் சுற்றித் தெரியும் சட்டம்தான் ஸ்டீரியோ விண்டோ. அதற்கு ‘வாசல்’ என்று வைக்கலாம் என்கிறேன். சாளரத்தைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், அது கிடக்கட்டும். ஸ்லைடு பொருத்தும் மேசையில் அந்தச் சொல் வேலைக்கு ஆகவில்லை என்பதுதான் என் குறை.

ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் எடுத்த ஒரு ஜோடிப் படம். முன்னால் சில்வர் ஓக் கிளை, கீழே மலைப்பாதை, அப்பால் சேலம். ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவில் லென்ஸ்களுக்கு நடுவே 70 மி.மீ. இருப்பதால், பிலிமில் இடக்கண் படத்துக்கும் வலக்கண் படத்துக்கும் இடையில் வேறு இரண்டு படங்கள் உட்கார்ந்திருக்கும். வெட்டி, ஜோடி தேடி, இடம் வலம் பார்த்து வைக்கவேண்டும். மாற்றி வைத்தால் கிளை பின்னால் போய், சேலம் மூக்குக்கு முன் வந்துவிடும்.

வியூவரில் பார்த்தால், துண்டுகளைப் பொருத்தும் அட்டையான மவுண்டின் இரண்டு ஓட்டைகளும் சேர்ந்து ஒரே சட்டமாகத் தெரியும். காட்சி அதற்கு அப்பால் விரியவேண்டும். கிளை சட்டத்துக்கு இந்தப் பக்கம் வந்து, பக்கவாட்டு விளிம்பில் வெட்டுப்பட்டும் நின்றால் கண் ஒப்பாது. பின்னால் இருக்கும் விளிம்பு முன்னால் இருப்பதை எப்படி மறைக்கும்? சரி என்று துண்டுகளை ஒரு மயிரிழை விலக்கினால் காட்சி முழுவதும் பின்வாங்கும். ஆனால் ரொம்ப விலக்கினால் தூரத்துச் சேலத்தின் இணைப்புள்ளிகளுக்கு (இரு படத்திலும் ஒரே இடத்தைக் காட்டும் புள்ளிகள்) நடுவே உள்ள தூரம் கண்களின் இடைவெளியான சுமார் 63 மி.மீ.-ஐ மிஞ்சும், கண்கள் வெளிப்பக்கம் விரிய முடியாமல் தலைவலிதான் வரும். அப்போது ஓட்டைகள் நெருங்கிய மவுண்டுக்கு மாறுவோம். அதாவது சட்டத்தையே நம் பக்கம் இழுப்போம்.

இங்கேதான் ‘வாசல்’ பொருந்துகிறது. “கிளை வாசல் தாண்டுது”, “வாசலை முன்னால இழு” என்று வேலை செய்துகொண்டே சொல்லலாம். விளிம்பில் வெட்டுப்படும் பிழைக்கு வாசல் மீறல். நம் பக்கத்தில் வாசல் என்றால் கோலம் போடும் இடம்தானே என்று யாராவது கேட்பார்கள். நான் சொல்வது நிலை வைத்த வாசல். குழப்பம் வருமென்றால் ‘காட்சிவாசல்’ என்று முழுசாக எழுதுவோம்.

மவுண்ட் செய்வதற்கு ‘ஏற்றுதல்’ வேண்டாம், அது லாரிக்கு. ‘பொருத்துதல்’ போதும்.

ஸ்கேனுக்கு ‘வருடல்’ எனக்குச் சம்மதம். இரண்டு துண்டுகளையும் ஒரே எக்ஸ்போஷரில் வருடுங்கள். தானியங்கியிடம் விட்டால் ஒரு கண்ணில் மூடுபனி வெள்ளை, மறு கண்ணில் சாம்பல். கோடாக்குரோம் பிலிமுக்கு ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கம் சரிவராது, அணைத்துவிடுங்கள். முடிந்தால் மவுண்டைக் கழற்றி முழுத் துண்டையும் வருடுங்கள். அப்புறம் ஸ்டீரியோ போட்டோ மேக்கர் மென்பொருளில் வாசலை இஷ்டத்துக்கு நகர்த்தலாம்.

இடம் வலம் மாறிய படத்துக்குக் ‘கண்மாறி’ என்று வைத்திருக்கிறேன். வேறு இருந்தால் சொல்லுங்கள். ‘போலித்தோற்றம்’ மட்டும் வேண்டாம். இரண்டு படமும் அசல்தான், இடம்தான் மாறியிருக்கிறது.