எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்ச தோட்டத்துல ரகசியம் எப்படி நிக்கும்? (காதல் + சஸ்பென்ஸ் நாவல், உதவி வேணும்)

பகாவ்_பொண்ணு:
வணக்கம். மொத நாவல் எழுதிக்கிட்டு இருக்கேன், காதலும் சஸ்பென்ஸும் கலந்தது. ஊரு மலேசியாவுல எங்க பகாவ் மாதிரி ஒரு சின்ன டவுன், சுத்தி ரப்பர் தோட்டம், வருஷம் 1978. ஹீரோயின் ஆயாக்கொட்டாயில புள்ளைங்கள பாத்துக்குறா. சின்ன வயசுல அவ அப்பா ஒரு நாள் விடிகாலையில கொட்டுற மழையில தலையில லைட்ட மாட்டிக்கிட்டு பால்மரம் வெட்டப் போனவரு திரும்பல. வெட்டுக்காட்டுல இருந்து ஓடிட்டாருன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இப்ப கெமாஸ்ல இருந்து ரயில்ல வந்து இறங்குறான் தோட்டத்து ஆபீஸுக்கு புது கிராணி (கிளார்க்), அவன்தான் ஹீரோ. என் பிரச்சனை என்னன்னா லயத்துல, அதான் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல, ஒரு வீட்டுல குழம்பு தாளிச்சா பத்து வீட்டுக்கு வாசம் போகும், அப்படிப்பட்ட இடத்துல உண்மைய கடைசி வரைக்கும் எப்படி மறைக்கிறது? மூணாவது அத்தியாயத்துலயே பக்கத்து வீட்டு அத்தை சொல்லிடுவாங்களே.

மண்டோர்_மகன்:
தங்கச்சி, மொதல்ல அந்த மழைய பாருங்க. மழையில யாரும் மரம் வெட்ட மாட்டாங்க. பட்டை நனைஞ்சிருந்தா பால் கோட்டுல ஓடாம மரம் பூரா வழிஞ்சு போயிடும், பால் புடிக்கிற மங்குல தண்ணி சேந்துரும். எங்கப்பா மழைச் சத்தம் கேட்டா மறுபடி படுத்துக்குவாரு. ஆனா இத தப்புன்னு வெட்டிடாதீங்க, உங்க கதையே அதுலதான் இருக்கு! அன்னைக்கு வேலையே இல்லன்னா அவரு எங்க போனாரு? வெட்டுக்காட்டுல இருந்து ஓடிட்டாருன்னு ஆபீஸ்ல சொன்னது பொய்னு லயத்துல இருக்குற ஒவ்வொருத்தருக்கும் அன்னைக்கே தெரியும்.

அப்புறம் ஏன் வாய தொறக்கலன்னா, வீடு தோட்டத்தோடது. வேலை போனா வீடும் போச்சு, புள்ளைங்களோட ரோட்டுல நிக்கணும். 1969ல வொர்க் பெர்மிட் வந்தப்ப குடியுரிமை இல்லாம சிவப்பு அடையாள கார்டு வச்சிருந்தவங்க எத்தனையோ பேரு வேலை போயி இந்தியாவுக்கு கப்பல் ஏறுனாங்க. அந்தப் பயத்த கண்ணால பாத்தவங்க பேசுவாங்களா? அத்தைக்கு எல்லாம் தெரியட்டும், பெரட்டுல, அதான் காலையில பேர் கூப்பிடுற எடத்துல, இவ மூஞ்சிய பாக்காம குனிஞ்சு போகட்டும், போதும்.

வாசகி_அக்கா:
காதல் கதை நெறைய படிக்கிறவ நான். தம்பி சொன்னது ரொம்ப சரி, ஆனா காதல் எங்க போச்சு? சஸ்பென்ஸ் தனியா காதல் தனியா ஓடுனா நான் பாதியில மூடி வச்சிடுவேன். அந்தக் காலத்து கிராணிங்கள்ல மலையாளிங்களும் யாழ்ப்பாணத் தமிழருங்களும் ஜாஸ்தி, வீடும் லயத்த விட்டு தள்ளித்தான் இருக்கும், அதனால லயத்துப் பொண்ணு அந்த வாசல்ல நின்னாலே ஊரு பேசும். அவ பழைய செக்ரோல் (வேலைக்கு வந்தவங்க பேர் பதியிற புத்தகம்) கேட்டு அந்த வாசலுக்குப் போகட்டும். அந்தத் தேதியில யாருக்குமே பேர் விழல, மழைன்னு போட்டிருக்கு. ஆனா அன்னைக்கு பெரட்டுல அவ அப்பாவ பாத்தேன்னு போலிஸ்ல வாக்குமூலம் குடுத்தது அப்போ இருந்த பெரிய கிராணி. அந்தப் பெரிய கிராணி ஹீரோவோட அப்பாவா இருந்தா? அந்தப் பக்கத்த அவன் அவளுக்கு முன்னாடியே பாத்துட்டு கிழிக்கவும் முடியாம காட்டவும் முடியாம ஒரு மாசம் வச்சிருந்தா?

பகாவ்_பொண்ணு:
அக்கா, இத படிச்சிட்டு ராத்திரி பூரா தூக்கமில்ல. அண்ணே, அந்த மழைய நான் சும்மா அழகுக்குத்தான் எழுதுனேன், இப்ப அதுதான் சாட்சி. எங்க பாட்டிகிட்ட கேட்டேன், மழை நாள்ல வேலை இல்ல சம்பளமும் இல்ல, அன்னைக்கு வீட்டுல மரவள்ளிக்கிழங்குதான்னு சொன்னாங்க. ஆறு அத்தியாயத்த தூக்கிட்டேன். இப்ப கதை அவன் அந்தப் பக்கத்த ஒரு பழைய ஹார்லிக்ஸ் டின்னுல மடிச்சு வச்சுக்கிட்டு ஆயாக்கொட்டாய் வாசல்ல வந்து நிக்கிறதுல இருந்து தொடங்குது.