பல் நிற ஃபில்லிங் போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள், எந்த நிமிடம் மனதில் நிற்கிறது?

தாழம்பூ:
முன்பல் முனை உடைந்து 9 வருடம். போட்டோவுக்கு நிற்கும்போதெல்லாம் உதட்டை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன். போன மாதம்தான் ஒருவழியாகப் போனேன்.

டாக்டர் எதையும் தொடுவதற்கு முன்னால் என்னை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மாதிரிப் பற்கள் கோத்த ஒரு பட்டையை எடுத்து, ஒவ்வொன்றாக என் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கடுகளவு பசையை உடைந்த இடத்தில் சும்மா அப்பி, நீல விளக்கைக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். “பாருங்க, சேருதா?” கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது என்றேன். முகம் சுளிக்கவில்லை. அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு வேறு நிறம் வைத்தார். ஏன் இதை முதலிலேயே செய்கிறீர்கள் என்று கேட்டேன். வாய் திறந்தே இருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும், அப்போது நிறம் பார்த்தால் தப்பாகப் போகும் என்றார்.

எனக்கு மரத்துப்போக ஊசிகூடத் தேவைப்படவில்லை. இப்போது நாக்கால் தடவினால் பல் எங்கே முடிகிறது, ஃபில்லிங் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. எதற்காக 9 வருடம் சும்மா இருந்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒற்றைப்பனை:
உங்களுக்கு நல்லபடியாக அமைந்ததில் சந்தோஷம் அக்கா. எனக்கு அப்படி இல்லை.

கீழ்க் கடைவாய்ப் பல். பக்கத்துப் பல்லோடு உரசும் இடத்தில் சொத்தை. சுரண்டிச் சுத்தம் செய்து, அந்த ஆசிட் ஜெல்லைத் தடவிக் கழுவிக் காயவைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து உதவியாளரை யாரோ கூப்பிட, அவர் எழுந்து போய்விட்டார். எச்சில் உறிஞ்சும் குழாய் வாயில் இல்லை. கன்னத்தில் வைத்த பஞ்சுச் சுருள் ஊறி, எச்சில் பல்லின் மேல் ஏறுவது எனக்கே தெரிகிறது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கையைத் தூக்கினேன். “இதோ முடிஞ்சுது” என்று டாக்டர் ஒரு தடவை காற்றை ஊதிவிட்டு மேலே வைத்து அடைத்துவிட்டார்.

எட்டாவது மாதம் ஓரத்தில் பழுப்புக் கோடு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. பிரித்துப் பார்த்தால் அடியில் மறுபடியும் சொத்தை. வேறு இடத்தில் ரப்பர் டேம் என்கிற மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்டி, பல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துச் செய்தார்கள். 3 வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் அந்தப் பொருள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. தூக்கிய கையை அவர் பார்க்கவில்லையே, அதுதான்.

கல்தூண்:
இதனால்தான் கடைவாய்க்கு வெள்ளி ஃபில்லிங்கே, அதாவது பாதரசம் கலந்த அமால்கமே போதும் என்கிறேன். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது தாங்கும். அரைக்கிற பல்லுக்கு அழகு எதற்கு? என் வெள்ளி ஃபில்லிங் 22 வருடம் உழைத்தது.

ஆனால் நடந்ததை மறைக்கக் கூடாது. போன வருடம் மெல்லும்போது அந்தப் பல்லில் ஒரு மூலை ‘டக்’ என்று பெயர்ந்து நாக்கில் விழுந்தது. டாக்டர் படம் எடுத்துத் திரையில் காட்டினார். ஃபில்லிங் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி நின்ற என் சொந்தப் பல்தான் முட்டை ஓடு மாதிரி மெலிந்து கீறல் விட்டிருந்தது.

நீலவானம்:
ஐயா, பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வெள்ளி தானாகப் பல்லில் ஒட்டாது. நழுவாமல் நிற்க உள்ளே அகலமாகக் குடைய வேண்டும், அதில் நல்ல பல்லும் சேர்ந்து போகும். வெள்ளை ஃபில்லிங் அப்படியில்லை. ஆசிட் பட்டதும் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும், ரெசின் என்கிற பசை அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். 1955இல் மைக்கேல் புவோனகோர் என்ற பல் மருத்துவர் காட்டிய வழி அது. சொத்தையை மட்டும் எடுத்தால் போதும், மிச்சப் பல் நமக்கு.

பெரிய குழியில், முக்கியமாகக் கடைவாயில், வெள்ளி அதிக நாள் நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் கிட்டத்தட்ட பாதி பாதரசம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல், மருத்துவக் காரணம் இருந்தால் ஒழிய, அதைப் போடக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அதற்காக நன்றாக இருக்கிற பழைய வெள்ளியைப் பெயர்க்க யாரும் ஓட வேண்டாம். தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகமாக வெளியே வரும்.

என் கதை சின்னது. மகளுக்கு 7 வயதில் போட்டோம். விளக்கை எரியவிடும்போது கண்ணைக் காக்கும் ஆரஞ்சு நிறத் தடுப்பை அவள் கையிலேயே கொடுத்து, “நீதான் பிடிச்சுக்கணும், 20 எண்ணணும்” என்றார் டாக்டர். மடியில் விரல் மடக்கி மடக்கி எண்ணினாள். ஒவ்வொரு அடுக்குக்கும் 20. அழ நேரமே இல்லை அவளுக்கு.

சிறுமேகம்:
எனக்கு வந்தது கடியில் சிக்கல். வாய் மரத்திருந்ததால் “சரியா இருக்கா?” என்றதும் தலையாட்டிவிட்டேன். 3 நாள் அந்தப் பக்கம் மெல்ல முடியவில்லை. திரும்பப் போனதும் கலர் தாளைக் கடிக்கச் சொன்னார், நீலப்புள்ளி விழுந்த இடத்தில் மயிரிழை தேய்த்தார், வலி போன இடம் தெரியவில்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தாளை மேலும் கீழும் கடித்தால் போதாது, பக்கவாட்டில் அரைத்தும் காட்டுங்கள். முதல் ஓரிரு வாரம் குளிர்ச்சிக்குக் கூசுவது உண்டு, குறைந்துகொண்டே வந்தால் பயம் இல்லை. நாளுக்கு நாள் கூடினாலோ, ராத்திரி தானாகத் தெறித்தாலோ தள்ளிப்போடாதீர்கள், நரம்பு வரை போயிருக்கலாம். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல் ஒரே இடத்தில் பிய்ந்தாலோ, உணவு போய்ச் சிக்கிக்கொண்டே இருந்தாலோ இரண்டு பல்லுக்கும் நடுவே சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம், அதையும் போய்ச் சொல்லுங்கள். பல்லை வெளுக்க ஆசை இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் விட்டு ஃபில்லிங் போடுங்கள். ஏனென்றால் ஃபில்லிங் பல்லோடு சேர்ந்து வெளுக்காது, வெளுத்த கையோடு போட்டால் ஒழுங்காகப் பிடிக்கவும் பிடிக்காது. தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓரத்தில் காப்பிக் கறை வந்ததற்காக முழுசையும் மாற்றாதீர்கள். பல நேரம் பாலிஷ் போட்டாலே போய்விடும், சின்ன உடைசல் என்றால் அந்த இடத்தில் மட்டும் புதிதாகச் சேர்த்து ஒட்டலாம்.

தாழம்பூ:
அந்தப் பல் கடிப்பது பற்றி என்னிடம் கேட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் காலையில் தாடை வலிப்பது உண்டு. நாளைக்கே போன் செய்கிறேன்.

ஒற்றைப்பனை:
கல்தூண் ஐயா, ஈரம் வெள்ளிக்கும் நல்லதில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எனக்கு வருகிற வாரம் மேல்பல்லில் ஒன்று போட வேண்டும். நாற்காலியில் சாய்வதற்கு முன்னாலேயே சொல்லிவிடப் போகிறேன்: இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும், என்ன என்று கேட்க வேண்டும்.