மின் ஸ்கூட்டர் உதிரிபாகம்: 90 நாள் பாக்கியைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஓசூரில் மின் ஸ்கூட்டர் மோட்டாருக்கு அலுமினிய உறை செய்து தரும் சிறு பட்டறை எங்களுடையது. உலோகத்தை ரொக்கத்துக்கு வாங்குகிறோம். பணமோ 90 நாள்கள் கழித்துத்தான் வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா, மோட்டாருக்குத் தேவையான அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்த பின்னர், வாங்கும் நிறுவனம் ஆர்டரையும் திடீரெனக் குறைத்ததால், எங்கள் நடைமுறை மூலதனம் (அன்றாடம் தொழில் நடத்தத் தேவையான பணம்) கிடங்கிலேயே முடங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில் 1:
ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். வழக்காடத் தயங்கினால் சிறு தொழில்களின் வரவேண்டிய பாக்கியை முன்கூட்டியே பணமாக்கித் தரும் டிரெட்ஸ் (TReDS) இணையத் தளத்தை நாடுங்கள். வாங்குபவர் உங்கள் விலைப்பட்டியலை (இன்வாய்ஸ்) ஏற்றதும் வங்கிகள் ஏலம் கேட்டு உடனே பணம் தரும். அவர் பின்னர் செலுத்தத் தவறினாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது.

பதில் 2:
250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் டிரெட்ஸ் தளத்தில் பதிவு செய்வது கட்டாயம்; ஆனால், பதிவு செய்தவர் உங்கள் விலைப்பட்டியலை ஏற்பார் என்பதற்கு உறுதியில்லை. அதைவிட, அடுத்த ஆறு வாரத் தேவையை மாற்றாமல் உறுதி செய்யும்படியும், அதற்காக வாங்கிய உலோகத்தின் விலையை ஏற்கும்படியும் ஒப்பந்தத்தில் கேளுங்கள். காந்தத் தட்டுப்பாட்டின் சுமையை மிகச் சிறியவரே தாங்குவது நியாயமல்ல.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு எங்களிடம் உள்ளது. ஒப்பந்தப் புதுப்பிப்பின்போது இதைக் கேட்கிறேன்.