ஏஐ சட்டம்: முன்கூட்டியே போடுவதா, பாதிப்பு வந்த பிறகா?

செழியன்:
ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து அதை எல்லோரும் முன்மாதிரி என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2021இல் முதல் வரைவை வைத்தபோது சாட்ஜிபிடி வெளிவரவே இல்லை. அதைப் போலப் பல வேலைகளுக்கும் பயன்படும் 'பொதுப் பயன்பாட்டு' ஏஐ மாடல்களுக்கான விதிகளைப் பாதியில்தான் சேர்த்தார்கள். ஒரு மாடலின் பயிற்சிக்கு 10இன் 25ஆம் அடுக்குக்கு மேல் (1க்குப் பின் 25 சுழியங்கள்) கணக்கீடுகள் செலவானால் அந்த மாடல் பெரிய ஆபத்துள்ளதாம். குறைந்த கணக்கீட்டிலேயே திறமையான மாடல்கள் வரத் தொடங்கினால் அந்த எல்லைக்கோட்டுக்கு என்ன அர்த்தம்? பிரிட்டன் 2023இல் வெள்ளை அறிக்கையில் (அரசின் கொள்கை ஆவணத்தில்) சொன்ன வழிதான் சரி. தனிச் சட்டம் வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் ஒழுங்குமுறை அமைப்புகள் அவரவர் துறையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆதிரை:
ஏற்கெனவே இருக்கும் அமைப்புகளா? நெதர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைக் கண்டுபிடிக்க வரித்துறை ஒரு கணினி மாடலை வைத்திருந்தது. டச்சுக் குடியுரிமை இல்லாததையே அது ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டது. வாங்கிய பணத்தை எல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் விழுந்தன. 2021 ஜனவரியில் அரசே ராஜினாமா செய்தது. தரவுப் பாதுகாப்பு அமைப்பு 27.5 லட்சம் யூரோ அபராதம் போட்டது அதே ஆண்டு டிசம்பரில். அரசு கவிழ்ந்த பிறகு! 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதன் விலை இதுதான்.

செழியன்:
அந்தக் குடும்பங்களுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் சின்னத் தவறுக்கும் முழுத்தொகையைத் திருப்பிக் கேட்டது கணினி அல்ல. அதிகாரிகளும் நீதிமன்றங்களும் சட்டத்தை அவ்வளவு கடுமையாகப் படித்தார்கள். ஏஐ சட்டம் அதைத் தடுத்திருக்குமா?

ஆதிரை:
கடுமையைத் தடுத்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிய சட்டத்தில் அரசு உதவித்தொகைக்கு யார் தகுதி என்று முடிவுசெய்யும் கருவிகள் 'அதிக ஆபத்து' பட்டியலில் இருக்கின்றன. பயன்படுத்தும் முன்பே அடிப்படை உரிமைகளுக்கு என்ன பாதிப்பு என்று ஆராய வேண்டும், பதிவுகள் வைக்க வேண்டும், மேற்பார்க்க ஒரு மனிதர் இருக்க வேண்டும். அந்தப் பெற்றோர் 'ஏன் என்னை?' என்று கேட்டபோது பதில் சொல்ல யாருமே இல்லையே.

நிலவன்:
நடுவில் வருகிறேன். இரண்டு பேரும் சீனாவை விட்டுவிட்டீர்கள். அவர்கள் ஒரே பெரிய சட்டம் எழுதவில்லை. 2022 மார்ச்சில் பரிந்துரை அல்காரிதங்களுக்கு (நமக்கு எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் நிரல்களுக்கு), 2023 ஜனவரியில் டீப்ஃபேக்குக்கு (ஏஐ செய்யும் போலிப் படம், குரல், காணொளிக்கு), அதே ஆண்டு ஆகஸ்ட்டில் எழுத்து, படம் போன்றவற்றை உருவாக்கும் ஜெனரேட்டிவ் ஏஐக்கு என்று தனித்தனியாக விதிகள். 2025 செப்டம்பர் முதல் ஏஐ உருவாக்கியவற்றுக்கு அடையாளக் குறியும் கட்டாயம். செழியன் கேட்கும் வேகம் அங்கே இருக்கிறது.

ஆதிரை:
வேகம் இருக்கிறது, சரி. ஆனால் அதே 2023 விதிகள், உள்ளடக்கம் சோஷலிச அடிப்படை மதிப்புகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். அரசை யார் கட்டுப்படுத்துவது?

செழியன்:
இதில் ஆதிரை பக்கம்தான் நான். அமெரிக்காவிலும் பாருங்கள்: ஏஐ பற்றி 2023 அக்டோபரில் அதிபர் பைடன் போட்ட ஆணையை 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே ரத்து செய்தார். ஒரு கையெழுத்தில் போகிற விதியை நம்பி எந்த நிறுவனமும் திட்டமிட முடியாது. ஆனால் மாநிலங்கள் பத்து ஆண்டுகளுக்கு ஏஐ சட்டம் போடக்கூடாது என்ற பிரிவை அதே ஆண்டு ஜூலையில் ஒரு மசோதாவிலிருந்து செனட் 99க்கு 1 என்று நீக்கியது. ஆக, விதியே வேண்டாம் என்று அங்கேயும் சொல்லவில்லை. அதனால் என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்: அரசு பயன்படுத்தும் கருவிகளுக்கு முன்கூட்டியே சட்டம் வேண்டும். மற்றவற்றுக்கு அந்தந்தத் துறை அமைப்புகளே போதும்.

ஆதிரை:
அப்படியானால் ஐரோப்பாவிடம் நாம் இருவரும் சேர்ந்து கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தேசியப் பாதுகாப்புக்கான கருவிகளை அந்தச் சட்டம் முழுதாக வெளியே விட்டுவிட்டது. பொது இடத்தில் நேரலை முக அடையாளம் காண்பதற்கும் காவல்துறைக்குச் சில விதிவிலக்குகள் கொடுத்திருக்கிறது. நான் ஆதரிக்கும் சட்டத்தில் எனக்கே பொறுக்காத இடம் அதுதான்.