வளவுல எல்இடி மாத்துனதுல இருந்து தலைவலி, காதுக்குள்ள ரீங்காரம். யாருக்காச்சும் இப்படி இருக்கா?

வளவுக்காரி (தேவகோட்டை பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க. எங்களுது பெரிய வீடு, ஆறு புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பொது, ஆளுக்கு ரெண்டு அறை, முகப்பும் வளவும் (நடு முத்தத்தைச் சுத்தி உள்ள எடம்) எல்லாருக்கும் சேந்தது. கொழுந்தன் மகன் கல்யாணத்துக்குன்னு பங்காளிக எல்லாரும் காசு போட்டு வளவு நாலு பக்கமும் பழைய ட்யூப் லைட்டை கழட்டிட்டு எல்இடி ட்யூப் மாட்டுனாக, எங்க அறையிலயும் குண்டு பல்பை எடுத்துட்டு எல்இடி பல்பு. நல்ல வெள்ளை வெளிச்சம், கரண்ட் பில்லும் கொறயும், அதுல எனக்கு ஒண்ணும் மனத்தாங்கல் இல்ல.

ஆனா எனக்கு சின்ன வயசுலேருந்தே ஒத்தத் தலைவலி உண்டு, சத்தமும் ஆகாது. மிக்ஸி ஓடுனா கூட ரெண்டாங்கட்டு தாண்டி போய் ஒக்காந்துக்குவேன். இப்ப சாயங்காலம் லைட்டைப் போட்டதும் ங்ங்ங்னு ஒரு சத்தம் ஆரம்பிச்சிருது, அணைக்குற வரைக்கும் நிக்காது, டிவி ஓடுறப்ப மத்தவுகளுக்கு தெரியாது ஆனா எனக்கு அந்த டிவி சத்தத்துக்கு அடியிலயும் கேக்குது. வெளிச்சமும் அப்படித்தான், நேரா பாக்க முடியல சரி கீழ குனிஞ்சுக்கலாம்னா ஆத்தங்குடி கல்லுல அப்படியே பளீர்னு தெரியுது, செவுத்தைப் பாத்தா செவுரும் மின்னுது, எங்க கண்ணை வைக்கிறதுன்னே தெரியல. அரை மணி நேரத்துல கண்ணுக்குப் பின்னாடி கடுக்க ஆரம்பிச்சு அப்புறம் ராத்திரி சாப்பாடு இறங்காது.

சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாக. லைட்டு எங்கேயாச்சும் சத்தம் போடுமா, உனக்கு பிரமைன்னு எங்க வீட்டு அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) சொல்றாக. கண் டாக்டர்ட்ட காட்டியாச்சு, கண்ணுல கோளாறு இல்லைன்னுட்டாக. முன்னாடி சிஎஃப்எல் (சின்ன ட்யூபை மடக்குன மாதிரி பல்பு) இருந்தப்பவும் லேசா இருந்துச்சு ஆனா இம்புட்டு இல்ல. குண்டு பல்புக்கே திரும்பிறவா, இல்ல எல்இடியிலயே தொந்தரவு இல்லாத மாதிரி எதும் கெடைக்குமா, வெவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க.

காரைக்குடி ஒயர்மேன்:

ஆச்சி, பிரமையெல்லாம் இல்ல. நீங்க சொல்ற ரெண்டும் நெசமாவே இருக்கு, ரெண்டுக்கும் காரணம் வேற வேற, அதனால தனித்தனியா பாக்கணும்.

மொதல்ல சத்தம். எனக்கு சந்தேகம் ட்யூப் மேல இல்ல, பழைய பட்டிக்குள்ள (ட்யூப் மாட்டுற சட்டம்) இருக்குற சோக்கு மேல. பழைய பட்டியை அப்படியே வச்சுக்கிட்டு ட்யூபை மட்டும் எல்இடியா மாத்துற வேலை நம்ம பக்கம் நெறைய நடக்குது, அவசரத்துல ஸ்டார்ட்டரை மட்டும் புடுங்கிட்டு சோக்கை உள்ளயே விட்டுர்றாக. சோக்குங்கறது பழைய ட்யூபுக்கு கரண்டை மட்டுப்படுத்துற சாமான், இரும்புத் தகடு அடுக்கு மேல செம்புக் கம்பி சுத்துனது, நம்ம கரண்ட் செகண்டுக்கு 50 தடவை மாறி மாறி ஓடுது, ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் இழுக்குறதால அந்தத் தகடு செகண்டுக்கு 100 தடவை அதிரும், அதான் உங்க ங்ங்ங். பழசாக பழசாக தகடு தளர்ந்து சத்தம் ஏறும். பட்டியை மரச் சட்டத்துல ஆணியடிச்சு வச்சிருந்தா அந்தப் பலகையும் சேந்து அதிரும். செட்டிநாட்டு வீட்டுல துணி மறைப்பு கெடையாது, உசரமான கூரை, வழுவழு செவுரு, கல்லுத் தரை, சின்ன சத்தம் கூட அமுங்காம சுத்திக்கிட்டே இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு லைட்டை மட்டும் போட்டு கேளுங்க, அணைச்சிட்டு அடுத்ததைப் போடுங்க. எந்தப் பட்டின்னு தெரிஞ்சிரும். அந்தப் பட்டியில சோக்கை எடுத்துட்டு ட்யூபுக்கு நேரா லைன் கொடுக்கச் சொல்லுங்க. நீங்களா கை வைக்காதீங்க, சில எல்இடி ட்யூபுக்கு ஒரே பக்கத்துல ரெண்டு ஒயரும் போகணும், சிலதுக்கு ரெண்டு பக்கமும், மாத்திக் கொடுத்தா ஷார்ட் ஆயிரும்.

லைட்டுல இருந்து இல்லாம சுவிட்சு போர்டுக்குள்ள இருந்து சடசடன்னு சத்தம் வந்தா அது வேற கதை, லூஸ் கனெக்சன், உள்ள பொறி பறக்குதுன்னு அர்த்தம். பழைய மரக் கேசிங் ஒயரிங் இருக்குற வீட்டுல அதை ஒரு நாள் கூட விட்டு வைக்கக் கூடாது.

கண்ணு விசயம் சாயங்காலம் வந்து எழுதுறேன், இப்ப வேலைக்குப் போகணும்.

கானாடுகாத்தான் மணி:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன் தப்பா நெனக்காதீங்க. எங்க அப்பத்தாவுக்கு வயசு எம்பதுக்கு மேல, குண்டு பல்பு வெளிச்சத்துல வளவுப் படி தெரியாம விழுந்து இடுப்பு போச்சு, அதுக்கப்புறம்தான் வெள்ளை லைட்டு போட்டோம். பெரிய வீட்டுல வயசானவுக இருந்தா வெளிச்சம் கண்டிப்பா வேணும். உங்க ஒருத்தருக்காக மொத்தத்தையும் கொறச்சிறாதீங்கன்னு சொல்றேன் அம்புட்டுதான்.

பள்ளத்தூர் அம்மா:

மணி தம்பி, வெளிச்சம் வேணும் சரிதான், எந்த மாதிரி வெளிச்சம்ங்கறதுதானே கேள்வி. எம் மகனுக்கு ஆட்டிசம், ஒன்பது வயசு. ஒரு கடைக்குள்ள நொழஞ்சாலே ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு கத்துவான், நாங்க கூட்டம்தான் காரணம்னு நெனச்சோம். அவனுக்குத் தெரப்பி சொல்லிக்கொடுக்குற டீச்சர்தான் கூட்டமே இல்லாத நேரத்துல கூட்டிட்டுப் போய் பாக்கச் சொன்னாக, அப்பவும் அப்படியே செஞ்சான், மேல பாத்தா வரிசையா ட்யூப் லைட்டு, ஒண்ணு மங்கிப் போய் ஓரத்துல துடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவனால வாய்விட்டு சொல்ல முடியாது ஆச்சி, உங்களால முடியுது, அதனால பிரமைன்னு யாரு சொன்னாலும் நிறுத்தாம சொல்லிக்கிட்டே இருங்க.

வீட்டுல நாங்க செஞ்சது: மேல இருந்து அடிக்குற லைட்டை அவன் இருக்குற நேரத்துல போடுறதில்ல. மூலையில மேசை விளக்கு ரெண்டு, 5 வாட்ஸ் வார்ம் ஒயிட், பல்பு கண்ணுல படாம செவுத்துப் பக்கம் திருப்பி வச்சது. எங்க ஆயா பின்னுன ஓலைக் கொட்டான் (கூடை) ஒண்ணை கவுத்து மூடாக்கு மாதிரி வச்சோம், வெளிச்சம் பொடிப்பொடியா மெதுவா வருது, அவனுக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு. வெளிய போறப்ப தொப்பி, காதுக்கு ஹெட்போன். எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா சாயங்காலம் அழுகை இல்லாம சாப்புடுறான்.

காரைக்குடி ஒயர்மேன்:

அம்மா, கொட்டான் நல்ல யோசனை, ஆனா சுத்தி மூடிறாதீங்க. எல்இடி சுடாதுன்னு நெனப்பாக, அடிக் கழுத்து நல்லாவே சுடும், காத்து போக வழி இல்லைன்னா உள்ள டிரைவர் (எல்இடிக்கு ஏத்த மாதிரி கரண்டை மாத்திக் கொடுக்குற சின்ன சர்க்யூட்) சீக்கிரம் போயிரும், ஓலையும் பல்பைத் தொடக் கூடாது.

இப்ப கண்ணு விசயம். எல்இடிங்கறது குண்டு பல்பு மாதிரி இல்ல. குண்டு பல்புல இழை பழுக்கக் காஞ்சு கெடக்கு, கரண்ட் ஒரு கணம் கொறஞ்சாலும் சூடு உடனே ஆறாது, அதனால வெளிச்சம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும். எல்இடி கரண்ட் கொறஞ்ச அந்தக் கணமே மங்கிரும். அதைத் தடுக்கத்தான் பல்புக்குள்ள டிரைவர் வைக்கிறாக, அதுல நல்ல கப்பாசிட்டர் இருந்தா கரண்டை சமமா ஆக்கிக் கொடுக்கும். வெலை கொறைக்குறதுக்காக கப்பாசிட்டரை சின்னதா வச்சா, இல்ல வைக்காமயே விட்டா, லைட்டு செகண்டுக்கு 100 தடவை கூடிக் கொறையும். கண்ணுக்கு தெரியாது, ஆனா மூளைக்குப் போயிருது, ஒத்தத் தலைவலிக்காரவுகளுக்கு அது ஆகாது. நல்ல பல்பே ஆனாலும் சூட்டுல வருசக்கணக்கா எரிஞ்சு கப்பாசிட்டர் காஞ்சு போனா கடைசியில துடிக்க ஆரம்பிக்கும்.

கடையில வச்சே பாத்துரலாம். செல்போன் கேமராவுல ஸ்லோமோசன் வச்சு பல்பை வீடியோ எடுங்க, கருப்புப் பட்டை ஓடுனாலோ மினுக்கு மினுக்குன்னு தெரிஞ்சாலோ வேண்டாம்னு வச்சிருங்க. செல்போன் இல்லைன்னா பென்சிலை லைட்டுக்கு முன்னாடி வேகமா ஆட்டுங்க. பொகை மாதிரி கலைஞ்சு தெரிஞ்சா நல்ல லைட்டு, தனித்தனி பென்சிலா வரிசையா தெரிஞ்சா துடிக்குற லைட்டு. எந்த வெலையா இருந்தாலும் இந்த சோதனை செஞ்சு பாத்துதான் வாங்கணும். பழைய குண்டு பல்பு மாதிரியே இழை தெரியுற எல்இடி வருது பாருங்க, அழகா இருக்கும், ஆனா அதுல டிரைவர் வைக்க கழுத்துல எடம் கம்மி, சிலது நெறைய துடிக்கும், சோதிக்காம எடுக்காதீங்க.

டப்பாவுல 6500 கேன்னு (கே-ங்கறது கெல்வின், வெளிச்சத்தோட நெறத்தைக் காட்டுற அளவு) போட்டிருந்தா நீல வெள்ளை, 2700 இல்ல 3000னு இருந்தா மஞ்ச வெளிச்சம். உங்களுக்கு மஞ்சதான்.

தேம்ஸ்கரை செட்டி:

நான் லண்டன்ல இருக்கேன், ஊரு வலையப்பட்டி. இங்க இந்தப் பேச்சு ரொம்ப நாளா ஓடுது. ஐரோப்பாவுல 2009 செப்டம்பர்ல 100 வாட்ஸ் குண்டு பல்புல ஆரம்பிச்சு 2012க்குள்ள வீட்டு குண்டு பல்பை எல்லாம் படிப்படியா நிறுத்துனாங்க. அப்பவே தோல் நோய்க்காரங்களும் ஒத்தத் தலைவலிக்காரங்களும் எங்களுக்கு சிஎஃப்எல் ஒத்துக்காதுன்னு குரல் கொடுத்தாங்க. ஐரோப்பிய கமிசனோட அறிவியல் குழு 2008ல ஒரு அறிக்கை கொடுத்துச்சு, வெளிச்சத்துக்கு ரொம்ப கூச்சப்படுற தோல் நோய்க்காரங்க சுமார் 2,50,000 பேருக்கு சிஎஃப்எல்லோட புறஊதாவும் நீலமும் தொந்தரவு கொடுக்கலாம், ரெண்டாவது கண்ணாடி மூடி போட்ட சிஎஃப்எல்னா பெரும்பாலும் தப்பிக்கலாம்னு.

துடிப்பு விசயம் இன்னும் பழசு. 1989லயே ஆர்னால்ட் வில்கின்ஸ்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு இங்க ஒரு ஆபீசுல பழைய சோக்கு ட்யூபையும் வேகமா ஓடுற எலக்ட்ரானிக் சோக்கு ட்யூபையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, எலக்ட்ரானிக்ல தலைவலியும் கண் வலியும் பாதிக்கும் மேல கொறஞ்சுச்சு. ஒக்காந்திருந்தவங்களுக்கு எந்த லைட்டுன்னே தெரியாது. அதனால ஆச்சி, அண்ணமிண்டிகிட்ட இதைச் சொல்லுங்க. 2021 செப்டம்பர்லேருந்து ஐரோப்பிய ஒன்றியத்துல விக்குற எல்இடிக்கு துடிப்பு இம்புட்டுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, 2024ல அதை இன்னும் இறுக்கிட்டாங்க.

வளவுக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு அழுகையே வந்துருச்சு. ஒயர்மேன் தம்பி சொன்ன மாதிரி ராத்திரி ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டேன், மேக்குப் பக்கம் இருக்குற ரெண்டு பட்டிதான், மத்தது சத்தமே இல்ல. கிழக்குப் பக்கத்துல சோக்கை எடுத்திருக்காக, மேக்குப் பக்கம் விட்டுருக்காக. பென்சில் ஆட்டிப் பாத்தா வளவு ட்யூப் எல்லாம் தேவலாம், எங்க அறைப் பல்புதான் வரிசை வரிசையா காட்டுது. அண்ணமிண்டியைக் கூப்புட்டு அவுக கையிலயே பென்சிலைக் கொடுத்தேன், பாத்துட்டு ஒண்ணும் பேசல, அப்புறம் அவுகளே அந்தப் பல்பை அணைச்சுட்டாக.

இப்ப மூணு சந்தேகம். அறையில ஃபேனை ஒண்ணுலயோ ரெண்டுலயோ வச்சா அதுவும் உறுமுது, அஞ்சுல வச்சா இல்ல. கரண்ட் போயி இன்வெர்ட்டர்ல ஓடுறப்ப எல்லாமே உறுமுது. அப்புறம் அந்தப் பல்பை அணைச்சாலும் இருட்டுல லேசா மினுங்கிக்கிட்டு இருக்கு. மணி தம்பி சொன்னதும் ஞாயந்தான், எங்க பெரியப்பச்சிக்கும் (பெரியப்பா) கண்ணு மங்கல், வளவுல வெளிச்சம் கொறைக்க பங்காளிக ஒத்துக்க மாட்டாக.

காரைக்குடி ஒயர்மேன்:

ஃபேன் உறுமுறது ரெகுலேட்டரால. திருகுற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்டை வெட்டி வெட்டி அனுப்பும், கொறச்சு வைக்க வைக்க மோட்டார் உறுமும். கப்பாசிட்டர் வச்ச ஸ்டெப் ரெகுலேட்டர்னு கேட்டு வாங்குங்க, டக்கு டக்குன்னு நாலஞ்சு எடத்துல நிக்கும், அதுல இந்தச் சத்தம் இருக்காது. இன்வெர்ட்டர் பழைய ஸ்கொயர் வேவ் வகையா இருக்கும், அது கொடுக்குற கரண்ட் நெளிவில்லாம வெட்டு வெட்டா வரும், சோக்கும் மோட்டாரும் கத்தத்தான் செய்யும். அடுத்து மாத்துறப்ப லைன் கரண்ட் மாதிரி நெளிவா கொடுக்குற சைன் வேவ் எடுங்க. அதுவரைக்கும் உங்க அறைக்கு மட்டும் பேட்டரியில நேரா எரியுற 12 வோல்ட் எல்இடி ஒண்ணு வச்சுக்கிட்டா சத்தமும் இல்ல, 100 தடவைத் துடிப்பும் இல்ல, ஏன்னா பேட்டரி கரண்ட் மாறி மாறி ஓடுறதில்ல.

வளவுக்கு ரெண்டு லைன் பிரிச்சிருங்க. இருக்குற வெள்ளை ட்யூப் ஒரு சுவிட்சுல, விசேசத்துக்கும் விருந்தாளி வர்றப்பவும் போட. இன்னொரு சுவிட்சுல தூணுக்குப் பின்னாடி தாழ்வா மஞ்ச லைட்டு, படி தெரியுற மாதிரி, படி ஓரத்துல ஒண்ணு தனியா. பெரியப்பச்சிக்கு கால் வைக்கிற எடத்துல வெளிச்சம் இருந்தா போதும், கல்லுல பளீர்னு அடிக்கத் தேவையில்ல. செலவு அதிகம் வராது, பங்காளிககிட்ட பேசிப் பாருங்க.

அணைச்சும் மினுங்குறதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. சுவிட்சுல சின்ன சிவப்பு இண்டிகேட்டர் லைட்டு இருந்தா அது வழியா கசியுற கரண்ட்தான், பயமில்ல, இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சு மாத்துனா நின்னுரும். இண்டிகேட்டர் இல்லாமயே மினுங்குதுன்னா பெரும்பாலும் சுவிட்சை ஃபேஸ்ல (கரண்ட் வர்ற ஒயர்) வைக்காம நியூட்ரல்ல (திரும்பிப் போற ஒயர்) வச்சிருப்பாக, பழைய வீட்டுல இது நெறைய பாத்திருக்கேன். அப்ப லைட்டு அணைஞ்சிருந்தாலும் ஹோல்டர்ல கரண்ட் இருக்கும், பல்பு மாத்துறேன்னு கை வச்சா அடிக்கும். யாரையாச்சும் வரச் சொல்லி டெஸ்டர் வச்சுப் பாத்து மாத்திக் கொடுக்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் அந்த ஹோல்டரைத் தொடுறதா இருந்தா மெயினை எறக்கிட்டுத் தொடுங்க.

வளவுக்காரி:

இண்டிகேட்டர் இல்ல தம்பி. இப்பவே மெயினை எறக்கச் சொல்லிட்டேன், நாளைக்குக் காலையில ஆள் வர்றாக.