105 டிஐ2 மின் கியர் செட் கைக்கு வந்துவிட்டது, சைக்கிள் ஃபிரேம்தான் இல்லை

சந்தூர்_ஒட்டு:

வணக்கம். வயது 43, உயரம் 5 அடி 5 அங்குலம். போச்சம்பள்ளி பக்கம் சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறேன். இருபது வருடமாகக் கன்றை இடது கையில் அழுத்திப் பிடித்து ஒட்டுக் கட்டியதில் மணிக்கட்டு போய்விட்டது. இப்போதுள்ள சைக்கிளில் பெரிய செயின்ரிங்குக்கு (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) ஏற்ற இடது லீவரை உள்ளே தள்ளினால் சுருக்கென்று இழுக்கிறது. கேஆர்பி டேம் வரை போய் வந்தாலே அன்றைக்குக் கத்தி பிடிக்க முடியவில்லை. சைக்கிளை விட்டுவிடச் சொல்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு வரவில்லை.

பெங்களூரில் இருக்கும் மச்சான் ஒருவன் போன மாதம் கீழே விழுந்து ஃபிரேமை விரிசல் விட்டுவிட்டான். அதிலிருந்த ஷிமானோ 105 டிஐ2 செட், பட்டனைத் தொட்டால் மோட்டார் கியர் மாற்றும் வகை, நல்லபடியாக இருக்கிறது. 12 ஸ்பீடு, லீவர், முன் பின் டிரெய்லர் (கியர் மாற்றச் செயினைத் தள்ளும் டிரெய்லியர்), பேட்டரி, ஒயர் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அனுப்பிவிட்டான். பட்டனைத் தொட்டுப் பார்த்தேன். மவுஸ் கிளிக் மாதிரி இருக்கிறது. இனி இதை மாட்ட ஒரு ஃபிரேம் வேண்டும். மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

தேன்கனிக்கோட்டை நண்பரிடம் ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கவ்வும் பிரேக்) அலுமினிய ஃபிரேம் ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார். ஓசூரில் ஒரு புது அலுமினிய டிஸ்க் ஃபிரேம், கேபிள் எல்லாம் வெளியே ஓடும் வகை. மூன்றாவது பெங்களூரில் பழைய கார்பன் டிஸ்க் ஃபிரேம். விளம்பரத்தில் 'டிஐ2 ரெடி' என்று போட்டிருக்கிறார்கள், விலைதான் கொஞ்சம் கடிக்கிறது. வயர்லெஸ் என்கிறார்களே, அப்புறம் ஃபிரேமில் எதற்கு இவ்வளவு யோசனை? எதில் வேண்டுமானாலும் மாட்டலாம்தானே?

ஓசூர்_காலை_5மணி:

முதல் ஃபிரேமை மறந்துவிடுங்கள் அண்ணா. 105 டிஐ2 2022ல் வந்ததிலிருந்தே ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் டிஸ்க் பிரேக் லீவர் மட்டும்தான். ரிம் பிரேக்குக்கு அதில் லீவரே கிடையாது. சும்மா கிடைத்தாலும் பயனில்லை.

என்னைக் கேட்டால் இந்த செட்டை விற்றுவிட்டு ஸ்ராம் கம்பெனியின் முழு வயர்லெஸ் செட் ரைவல் ஏஎக்ஸ்எஸ் வாங்குங்கள். முன் டிரெய்லரில் ஒரு பேட்டரி, பின் டிரெய்லரில் ஒரு பேட்டரி, அதது முதுகிலேயே உட்கார்ந்துகொள்ளும். கியர் ஒயர் ஓட்டை எதுவும் வேண்டாம், டிஸ்க் ஃபிரேம் எதுவாக இருந்தாலும் மாட்டலாம். இரண்டு பேட்டரியும் ஒன்றே என்பதால் வழியில் பின்னது தீர்ந்தால் முன்னதைக் கழற்றிப் பின்னால் போட்டு வீடு வந்து சேரலாம். நான் ராயக்கோட்டை தாண்டி ஒருமுறை அப்படித்தான் வந்தேன்.

பென்னாகரம்_காயில்:

தம்பி சொன்னது சரிதான், ஆனால் மச்சான் அன்பாகக் கொடுத்ததை விற்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பெரிய டயர் போடும் ஆசை இருந்தால், அந்த முன் பேட்டரிக்கும் டயருக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று அதிலும் பார்க்கத்தான் வேண்டும்.

நான் பென்னாகரத்தில் போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். ஒயர்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செட் பாதி வயர்லெஸ். லீவர் இரண்டிலும் நாணய பேட்டரி இருக்கிறது, சிஆர்1632. அவை பின் டிரெய்லரோடு காற்றில் பேசிக்கொள்ளும். ஆனால் டிரெய்லர்களுக்குக் கரண்ட், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டுக்குள் நிற்கும் ஒரே பேட்டரியிலிருந்து ஒயரில் போகிறது. சார்ஜ் போடும் ஓட்டை பின் டிரெய்லரிலேயே இருக்கிறது. ஒரு சார்ஜுக்கு 1000 கி.மீ. என்று கம்பெனிக் கணக்கு.

ஆக ஃபிரேமில் இரண்டு வழி வேண்டும். சீட் போஸ்ட்டிலிருந்து கீழே இறங்கி, பெடல் அச்சு உட்காரும் பிபி கூட்டைத் தாண்டி, அங்கிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் செயின்ஸ்டே குழாய்க்குள் நுழைந்து பின் சக்கரம் அருகே வெளியே வர ஒன்று. போஸ்ட் இறங்கும் சீட் டியூபிலிருந்து முன் டிரெய்லருக்கு எட்டிப் பார்க்க இன்னொன்று. மற்ற ஓட்டைகளை ரப்பர் மூடி போட்டு அடைத்துவிடலாம். பின் பிரேக்கின் எண்ணெய்க் குழாய் (ஹோஸ்) எப்படியும் தனியாகப் போகும், வயர்லெஸ் என்றால் அதுவும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது ஃபிரேமில் எனக்குப் பட்ட சூடு இருக்கிறது. என் முதல் டிஐ2 வண்டி அப்படி வெளிக் கேபிள் அலுமினிய ஃபிரேம்தான். சீட் டியூபைக் கொண்டுவந்து பிபி கூட்டின் தலையில் வெல்டு வைத்திருந்தார்கள். உள்ளே காற்று போக ஒரு பொட்டு ஓட்டை, அவ்வளவுதான். பென்சில் முனைகூட இறங்கவில்லை. ஒரு பட்டறையில் கொடுத்தேன். 'இதெல்லாம் ஒரு வேலையா' என்று பிபி கூட்டிலும் செயின்ஸ்டே முனையிலும் டிரில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. நாலாவது மாதம் வத்தல்மலை ஏறும்போது கிர்ர்ர் என்று ஒரு சத்தம். பெடல் என்று நினைத்துக் கிரீஸ் வைத்தேன். பிறகு ஒருநாள் வண்டியைக் கழுவித் துடைக்கையில் துணி நூல் ஒன்று சிக்கியது. குனிந்து பார்த்தால் அந்த ஓட்டையிலிருந்து முடி மாதிரி ஒரு கோடு, விரல் நீளம். ஒகேனக்கல் இறக்கத்தில் அது விட்டிருந்தால் இந்தப் பதிலை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். ஓட்டை இல்லாத ஃபிரேமில் ஓட்டை போடாதீர்கள், கார்பன் என்றால் டிரில்லைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவதுதான் பார்க்க வேண்டியது. ஆனால் 'டிஐ2 ரெடி' என்ற வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். 2009ல் ஷிமானோவின் உச்ச செட்டான டியூரா ஏஸில் டிஐ2 வந்தபோது பேட்டரி ஃபிரேமுக்கு வெளியே தொங்கியது, லீவர் வரைக்கும் ஒயர். பிறகுதான் பேட்டரி சீட் போஸ்ட்டுக்குள் போனது. 2021ல் 12 ஸ்பீடு வந்தபோது லீவர் ஒயர் போய், டிரெய்லர் ஒயரும் மாறிவிட்டது. இப்போதையது எஸ்டி300, முன்பு எஸ்டி50, ஒன்றின் முனை மற்றதில் நேராகப் பொருந்தாது. எந்த வருடத்து ஃபிரேமுக்கு எதை நினைத்து அப்படி எழுதினார்கள் என்று யார் கண்டது? ஃபிரேமோடு ஒயரும் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள், அது எஸ்டி50 ஆக இருக்கலாம்.

ஒட்டுக் கட்டுகிறவருக்கு நான் சொல்ல வேண்டுமா? வேர்ச்செடியும் ஒட்டுக் குச்சியும் ஒரே தடிமனில் இருக்கிறதா என்று பார்த்துத்தானே கத்தி வைப்பீர்கள். இங்கே தடிமன் பார்க்க வேண்டிய இடம் சீட் போஸ்ட். உள்ளே வட்டமான 27.2 மி.மீ. போஸ்ட் என்றால் பேட்டரி பிடிப்பான் சுலபமாகக் கிடைக்கும். காற்றுக்காகச் சப்பையாகச் செய்த போஸ்ட் என்றால் அந்த ஃபிரேமுக்கென்றே செய்த பிடிப்பான் வேண்டும், அது தொலைந்திருந்தால் தலைவலி. உங்கள் உயரத்துக்கு போஸ்ட் ஆழமாக இறங்கும். சீட் டியூபில் பாட்டில் திருகு உட்காரும் நட்டுகள் உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். போஸ்ட்டின் அடி அதில் இடித்தால் போஸ்ட்டை வெட்ட வேண்டி வரும். வெட்டிய பிறகும் பேட்டரி முழுதாக உள்ளே நிற்க நீளம் மிஞ்சுமா என்று அளந்து பாருங்கள்.

போகும்போது டார்ச், ஸ்கேல், ஒரு பழைய பிரேக் இன்னர் கம்பி கொண்டுபோங்கள். செயின்ஸ்டே கடைசி ஓட்டையில் கம்பியை விட்டு பிபி வழியே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நாளைக்கு ஒயரும் வரும், அதன் வாலில் டேப் சுற்றி இழுத்துவிடலாம். பிபியின் நடுவே வரும் பிளாஸ்டிக் குழாய்க்கு வெளியேதான் ஒயர் ஓட வேண்டும். கிராங்க் அச்சில் உரசினால் ஒரே சீசனில் தோல் உரிந்துவிடும். என் கடைக்கு வரும் மோட்டார்களும் பெரும்பாலும் இப்படி ஒயர் உரசித்தான் எரிகின்றன. ஃபிரேமுக்குள் ஒயர் லொடலொட என்று அடித்தால் பிளாஸ்டிக் டை மூன்றை இடம் விட்டுக் கட்டி, வாலை வெட்டாமல் விடுங்கள். மீசை மாதிரி நின்று சத்தத்தை அடக்கும்.

ஒயரை வெட்டி ஒட்ட முடியாது, 50 மி.மீ. வித்தியாசத்தில் நீளம் நீளமாக வரும். அதனால் முதலில் ஃபிரேம், பிறகு அளவு, அதன் பிறகுதான் ஒயர்.

சந்தூர்_ஒட்டு:

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். பிரேக் கம்பி இடக்கு செய்யாமல் பிபி வழியே வந்துவிட்டது. டார்ச் அடித்தால் சீட் டியூப் மேலிருந்து கீழே வரைக்கும் வெளிச்சம். போஸ்ட் 27.2, உள்ளே வட்டம். என் சீட் உயரத்துக்கு இறக்கிப் பார்த்தேன், பாட்டில் நட்டுக்கு மேலே மூன்று விரல் இடம் இருக்கிறது. பிரேக் பிளாட் மவுண்ட் (ஃபிரேமில் தட்டையாக உட்காரும் வகை), பின்னால் 12 மி.மீ. தடிமனில் 142 மி.மீ. அகலத்துக்கான அச்சு.

இடித்தது ஒன்றுதான். முன் டிரெய்லர் மாட்டும் கொக்கி ஃபிரேமில் இல்லை. அந்த இடத்தில் ஒரு தட்டையான மூடி திருகியிருக்கிறது. அவர் ஒற்றைச் செயின்ரிங் போட்டு ஓட்டினாராம், கழற்றிய துண்டு எங்கே என்று ஞாபகம் இல்லையாம். விட்டுவிடலாமா?

ஓசூர்_காலை_5மணி:

அப்படியே ஒற்றை ரிங்கிலேயே ஓட்டுங்கள் அண்ணா, இடது கைக்கு வேலையே இருக்காது. பின்னால் 11 முதல் 36 பல் வரையுள்ள கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) போட்டால் போதும். உங்கள் பழைய டிஸ்க் வீலில் ஷிமானோ 11 ஸ்பீடு ஹப் இருந்தால் 12 ஸ்பீடு ரோடு கேசட்டும் அதிலேயே ஏறும், புது வீல் வேண்டாம்.

பென்னாகரம்_காயில்:

சந்தூரைச் சுற்றி ஓட்டினால் தம்பி சொல்வது போதும். தளி, அஞ்செட்டி பக்கம் வந்தால் சின்ன ரிங் இல்லாமல் அழுவீர்கள். இடது கைக்காக முன் டிரெய்லரைக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. கம்பெனி ஆப்பில் சின்க்ரோ ஷிஃப்ட் என்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் வலது கைப் பட்டனை மட்டும் அழுத்திக்கொண்டு போகலாம், ரிங்கை எப்போது மாற்றுவது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். உங்கள் மணிக்கட்டுக்கு அதுதான் மருந்து.

அந்தக் கொக்கி ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு. அவரைத் தேடச் சொல்லுங்கள், கிடைக்காவிட்டால் அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள். கொக்கி கிடைத்தால் டிரெய்லரின் பின்னால் ஒரு சின்னத் திருகு சீட் டியூபில் அழுத்தும், கார்பனில் அந்த இடத்தில் ஒட்ட ஒரு தகடு செட்டோடு வரும். பிஸ்கட் டப்பாவில் தேடுங்கள். பின் அச்சையும் கேட்டு வாங்குங்கள். 12 மி.மீ. அச்சில் மரை இடைவெளி 1, 1.5, 1.75 என்று மூன்று விதம், கடையில் போய் நின்றால் எது என்று சொல்ல முடியாமல் முழிப்பீர்கள்.

சந்தூர்_ஒட்டு:

கொக்கி அவருடைய பழைய போல்ட் டப்பாவில் கிடைத்துவிட்டது. அச்சும் கொடுத்தார். ஃபிரேம் இப்போது நர்சரிக் கொட்டகையில், அல்போன்சா கன்றுகளுக்கு மேலே கயிற்றில் தொங்குகிறது. தகடு பிஸ்கட் டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மச்சான் கொடுத்த ஒயரை அளந்து பார்த்தேன். முன்னது சரியாக இருக்கிறது. பின்னது நாலு விரல் குறைகிறது.

பென்னாகரம்_காயில்:

இழுத்துப் பிடித்து மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதைவிட 100 மி.மீ. கூடுதல் நீளத்தில் ஒன்று சொல்லி வையுங்கள். வந்ததும் ஃபிரேமை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், மதியத்துக்குள் உள்ளே விட்டுவிடலாம். வரும்போது ஒரு அல்போன்சா கன்று.