ஜாஸ் சங்கத்து போர்டில் வாசிப்பவர்கள் எத்தனை பேர் இருக்கலாம்?

தனி_ஆவர்த்தனம்:
கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன ஊர் ஜாஸ் சங்கம். 501(சி)(3) பதிவு (வரிவிலக்கு பெற்ற பொதுநல அமைப்பு) உண்டு, ஆண்டு வரவு 45,000 டாலருக்குள். மாதம் ஒரு கச்சேரி, கோடையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பட்டறை. போர்டில் 9 பேர். அதில் 5 பேர் சங்கக் கச்சேரிகளிலேயே பணம் வாங்கிக்கொண்டு வாசிப்பவர்கள். தலைவரே ஆர்ட்டிஸ்டிக் டைரக்டர் (யார் எதை வாசிப்பது என்று முடிவு செய்பவர்), அந்த 5 பேரில் அவரும் ஒருவர், செக்கில் கையெழுத்தும் அவரே. சங்கத்தைத் தொடங்கியவர் என்பதால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஜனவரியில் நிர்வாகிகள் தேர்தல். எதை முதலில் சரிசெய்வது?

பைலா_பாண்டி:
தேர்தலை விடுங்க, முதலில் அந்த 5-ஐப் பாருங்க. கலிஃபோர்னியா கார்ப்பரேஷன்ஸ் கோட் 5227-ன்படி, பொதுநல அமைப்பின் போர்டில் 49 சதவீதத்துக்கு மேல் 'இன்ட்ரஸ்டட்' ஆட்கள் இருக்கக்கூடாது. கடந்த 12 மாதங்களில் சங்கத்துக்கு ஏதாவது வேலை செய்து பணம் வாங்கியவர்கள், அவர்களின் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், மாமியார் மச்சான் வரை அந்தக் கணக்கில் வருவார்கள். டிரம்மரின் மனைவி போர்டில் இருந்து, டிரம்மர் சங்கத்தில் சம்பளத்துக்கு வாசித்தால், வாசிக்கவே தெரியாத அந்த அம்மாவும் கணக்கில் உண்டு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெட்ரோல் செலவைத் திருப்பிக் கொடுப்பது சம்பளம் ஆகாது.

9-ல் 5 என்றால் 55 சதவீதம். வழி இரண்டு. ஒருவர் விலகி, அந்த இடத்துக்குப் பணம் வாங்காத ஒருவர் வரலாம் (9-ல் 4, 44 சதவீதம்). இல்லையென்றால் போர்டை 11 ஆக்கி வெளியாட்கள் இருவரைச் சேர்க்கலாம் (11-ல் 5, 45 சதவீதம்). பைலாவில் (சங்க விதிகளில்) 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று எண்ணிக்கை இருந்தால் இரண்டாவது சுலபம். கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) பாதி என்று இருந்தால் அதுவும் 5-லிருந்து 6 ஆகும். இப்போதே கூட்டத்துக்கு ஆள் சேரவில்லையென்றால் முதல் வழிதான் நல்லது.

தலைவர் விஷயம்: அதே சட்டத்தில் 5213 பிரிவு. தலைவராக இருப்பவர் செயலாளராகவோ பொருளாளராகவோ சேர்ந்து இருக்க முடியாது. பொருளாளர் என்று பெயருக்கு ஒருவரை வைத்துவிட்டு செக் புத்தகத்தைத் தலைவர் வைத்திருப்பது சட்டத்தின் எழுத்துக்குப் பொருந்தலாம், அதன் நோக்கத்துக்குப் பொருந்தாது.

கணக்குப்புலி:
பொருளாளர் வேலை மட்டும் சொல்கிறேன், அதில்தான் சங்கங்கள் சத்தமில்லாமல் சாகின்றன.

வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் என்றால் ஐ.ஆர்.எஸ்-க்கு (அமெரிக்க மத்திய வரித்துறை) 990-என் என்ற ஆண்டுப் படிவம். ஆன்லைனில் பத்து நிமிட வேலை. காலண்டர் ஆண்டு என்றால் மே 15-க்குள். தாமதத்துக்கு அபராதம் கிடையாது, அதனாலேயே மறந்துபோகும். தொடர்ந்து 3 ஆண்டு விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்து. திரும்பப் பெற விண்ணப்பம், கட்டணம் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. மாநில வரித்துறைக்கு அதேபோல 199என் படிவம் தனி. அட்டர்னி ஜெனரலின் அறக்கட்டளைப் பதிவகத்துக்கு ஆர்.ஆர்.எஃப்-1 (பதிவைப் புதுப்பிக்கும் படிவம்), கூடவே 50,000-க்குக் கீழே உள்ளவர்களுக்கான சி.டி-டி.ஆர்-1 (வரவுசெலவு அறிக்கை). இதை விட்டால் பதிவகப் பட்டியலில் 'டெலிங்க்வென்ட்' (கெடு தவறியவர்) என்று வரும். அந்த நிலையில் நன்கொடை கேட்கவே கூடாது. கிராண்ட் கொடுப்பவர்கள் முதலில் தேடிப் பார்ப்பதும் அந்தப் பட்டியலைத்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டுக்கு (மாநிலப் பதிவு அலுவலகம்) எஸ்.ஐ-100, அதாவது முகவரி, நிர்வாகிகள் விவரப் படிவம்.

ஆள் மாறும்போது: ஐ.ஆர்.எஸ் பதிவில் பொறுப்பாளர் பெயர் மாறினால் 60 நாளுக்குள் 8822-பி படிவம். வங்கியில் கையெழுத்து மாற்ற, தேர்தல் நடந்த கூட்டத்தின் மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) கேட்பார்கள். செயலாளர் அன்றைக்கே எழுதிக் கையெழுத்திட்டு வைக்கணும். மார்ச்சில் ஞாபகத்திலிருந்து எழுதினால் பழைய தலைவரே ஏப்ரல் வரை செக் போட்டுக்கொண்டிருப்பார்.

கச்சேரி அன்று வாசல் காசை இருவர் எண்ணி, சீட்டில் இருவரும் கையெழுத்திடட்டும். வங்கி ஸ்டேட்மென்ட்டை செக்கில் கையெழுத்து போடாத ஒருவர் படிக்கணும். வாசிப்பவர்களிடம் செக் கொடுக்கும் முன்பே டபிள்யூ-9 (அவர்கள் வரி எண் தரும் படிவம்) வாங்குங்க. கொடுத்த பிறகு போனை எடுக்க மாட்டார்கள். 1099-என்.இ.சி (கொடுத்த பணத்தை ஐ.ஆர்.எஸ்-க்குத் தெரிவிக்கும் படிவம்) வரம்பு 2025 வரை 600 டாலர், 2026 முதல் தரும் பணத்துக்கு 2,000.

நன்கொடை விருந்துக்கு 100 டாலர் டிக்கெட், சாப்பாட்டின் மதிப்பு 40 என்றால் 60-க்குத்தான் வரிச்சலுகை. 75 டாலருக்கு மேல் போனால் அதை எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

கடைசி_வரிசை:
பாண்டி சொன்ன கணக்கு சரி. ஆனால் வாசிப்பவர்களைக் குறைத்தால் சங்கம் தேறிவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகாகோவின் ஏ.ஏ.சி.எம் என்ற இசைக்கலைஞர் சங்கம் 1965-ல் தொடங்கியபோது முகல் ரிச்சர்ட் ஆப்ராம்ஸ், ஜோடி கிறிஸ்டியன், ஃபில் கோரன், ஸ்டீவ் மெக்கால் நால்வரும் வாசிப்பவர்களே. ஆப்ராம்ஸ்தான் முதல் தலைவர். உறுப்பினர்கள் சொந்த இசையைத்தான் மேடையேற்ற வேண்டும் என்று முடிவெடுக்கவும், பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தரவும் அவர்களால் முடிந்தது. நியூயார்க் ஹார்லெமின் ஜாஸ்மொபைல் என்ற ஜாஸ் அமைப்பில் வேறு மாதிரி: 1964-ல் பியானோ கலைஞர் பில்லி டெய்லரும், கலை அமைப்புகளை நடத்தத் தெரிந்த டாஃப்னி ஆர்ன்ஸ்டைனும் சேர்ந்து தொடங்கினார்கள். உங்கள் அளவுக்கு எனக்கு இந்த ஜோடிதான் பிடிக்கிறது.

தொடங்கியவரைப் போர்டிலிருந்து இறக்கி ஆர்ட்டிஸ்டிக் டைரக்டராக மட்டும் வையுங்கள். சீசனுக்கு மொத்தக் கலைஞர் சம்பளம் இவ்வளவு என்று போர்டு உச்சவரம்பு வைக்கட்டும். அதற்குள் யாரைக் கூப்பிடுவது என்பதில் போர்டு மூக்கை நுழைக்கக்கூடாது, அவரும் வரம்பைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்து புதுத் தலைவருடையது. பதவிக்காலமும் எழுதுங்க. மான்ட்டெரே ஜாஸ் விழாவை 1958-ல் தொடங்கிய ஜிம்மி லயன்ஸ் 1992 வரை நடத்தினார். அது போன்ற விழா தாங்கும், ஒன்பது பேர் சங்கம் தாங்காது.

தனி_ஆவர்த்தனம்:
நன்றி. அவர் இறங்கிவிட்டாலும் மற்ற 4 பேர் போர்டில் இருந்துகொண்டே வாசிக்கலாமா? சம்பளத்தை யார் முடிவு செய்வது?

பைலா_பாண்டி:
வாசிக்கலாம். அந்த ஒப்பந்தம் பேசும்போது சம்பந்தப்பட்டவர் அறையை விட்டு வெளியே போகணும், அவர் ஓட்டு சேராது. பக்கத்து ஊர்களில் அதே அளவு குவார்ட்டெட்டுக்கு (நால்வர் குழு) என்ன தருகிறார்கள் என்று மூன்று இடத்து விவரம் வாங்கி, அதையும் முடிவையும் மினிட்ஸில் எழுதுங்க. அடுத்த கூட்டம் அல்லது 60 நாள், எது பிந்தியதோ அதற்குள். ஆண்டு வரவு பத்து லட்சம் டாலருக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த மூன்று விவரம் போதும். இது இருந்தால் சம்பளம் நியாயமானது என்றே ஐ.ஆர்.எஸ் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. அதிகம் கொடுத்ததாக முடிவானால், அதிகப்படியான தொகையில் 25 சதவீதம் வரி வாங்கியவர் தலையில். திருப்பித் தராவிட்டால் 200 சதவீதம். தெரிந்தே ஓட்டு போட்ட போர்டு ஆட்களுக்கும் 10 சதவீதம்.

இன்னொன்று: தொடங்கியவர் பதவியை விட்டாலும் 5 ஆண்டுக்கு இந்த விதி அவருக்கும் பொருந்தும். ஆர்ட்டிஸ்டிக் டைரக்டர் சம்பளத்தையும் இதே முறையில் முடிவு செய்யுங்க.